தர்மக் கடையின் விலைச்சீட்டு

பள்ளிக்கூடத்துக்கு ஒரு கூரை, கோயிலுக்கு ஒரு மதில், நூலகத்துக்கு நாலு அலமாரி என்று எந்த ஊர்க்காரியம் எடுத்தாலும், எங்கள் ஆத்தூர்ப் பக்கம் பெண்கள் கையால் செய்த சாமான்களைக் கொண்டுவந்து விற்றுப் பணம் சேர்ப்பது வழக்கம். ஓலைப்பெட்டி வரும், குரோஷாப் பின்னல் வரும், தலையணை உறை வரும், நார்த்தங்காய் ஊறுகாய் வரும். தையல் டீச்சராக இருந்தவள் என்பதால் விலைச்சீட்டு எழுதும் வேலை என்னிடம் வந்துவிடும். சாமானை மேசையில் வைத்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், இதுக்கு எவ்வளவு போடலாம்?" நான் வாய் திறக்குமுன் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "தர்மக் காரியந்தானே, கொறச்சே போடுங்க."

அந்தக் 'கொறச்சே'யோடுதான் எனக்கு வழக்கு. தர்மத்துக்கு வந்த சாமான் என்பதால் அதைச் செய்தவளின் உழைப்பு மலிந்துவிடுமா? எங்கள் கடற்கரைப் பக்கம் ஊர்ப்பணம் சேர்த்த கதையைப் பின்னால் போய்ப் பார்க்கப் பார்க்க, விலை போடுவதை நம் முன்னோர் எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

ஆத்தூரிலிருந்து கிழக்கே போனால் தாமிரபரணி கடலில் விழுகிற இடத்தில் புன்னைக்காயல் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் யேசு சபைப் பாதிரியார் என்ரீக்கே என்ரீக்கஸ் இந்தக் கரையில் தங்கித் தமிழ் படித்தார். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. மொத்தம் 16 பக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்து அச்சேறிய முதல் புத்தகம் அதுதான். அதன் பிறகு 1586இல் வந்த 'அடியார் வரலாறு' புன்னைக்காயலோடு சேர்த்தே பேசப்படுகிற பெரிய புத்தகம். தமிழ் அச்சுக்கு வேண்டிய பணத்தை முத்துக்குளித்துறைப் பரதவர்களே திரட்டிக் கொடுத்தார்கள். அச்சடித்த தமிழ்ப் புத்தகம் ஒன்றை அதுவரை கண்ணால் பார்த்திராத ஜனங்கள், அப்படி ஒன்று வரும் என்று நம்பிக் கைப்பணத்தைப் போட்டிருக்கிறார்கள். ஊர் கூடிப் பணம் சேர்த்த காரியங்களில் இதைவிடப் பெரியது எங்கள் பக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பணம் கடலுக்கடியிலிருந்து வந்தது. முத்துக்கு விலை போட்ட விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடியில் சென்னை அரசு முத்துக்குளிப்பு நடத்தியபோது, ஏலம் தொடங்குமுன் சிப்பி விளையும் கடலடிப் பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்காக எடுப்பார்கள். அவற்றை அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். பத்துச் சல்லடை ஒரு செட். எல்லாம் ஒரே அளவு. துளைகள் மட்டும் வேறு வேறு. முதல் சல்லடையில் 20 துளை, கடைசிச் சல்லடையில் 1000 துளை. 20 துளைச் சல்லடையில் தங்கினால் அது பெரிய முத்து. ஆயிரம் துளையிலும் தங்காமல் கீழே போனது தூள். அளவு பிரித்த பிறகு உருட்சி, நிறம், ஒளி பார்த்து ரகம் பிரிப்பார்கள். மஞ்சாடி எடையில் நிறுப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் முத்து தேறும் என்ற கணக்கு இப்படித்தான் வரும். அதை வெளியில் அறிவிப்பார்கள். அதற்குப் பிறகுதான் வியாபாரிகள் ஏலம் கேட்க வருவார்கள்.

ஏலமும் ஆயிரம் சிப்பி என்ற கணக்கில்தான். கொட்டு என்று சொல்லும் வேலி அடைத்த இடத்தில் சிப்பிகளை எண்ணிக் குவித்து வைத்திருப்பார்கள். யாரும் திறந்து பார்க்கக் கூடாது. குளித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். அந்தப் பங்குச் சிப்பிகளைக் குளிகாரர்கள் கரையிலேயே சில்லறையாக விற்பார்கள். வேடிக்கை பார்க்க வந்தவன் கையில் இருந்த காசுக்கு நாலைந்து சிப்பி வாங்கி, அங்கேயே பிளந்து பார்ப்பான். பெரும்பாலும் சதைதான் இருக்கும். எப்போதாவது ஒருவனுக்கு முத்து இருக்கும். கரை முழுக்க அந்தப் பேச்சாகிவிடும்.

குலுக்கல் சீட்டு விற்கிறவர்கள் எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. மூடிய சிப்பியை விற்றவர்கள், அதற்குள் சராசரியாக என்ன இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு விற்றார்கள். அதிர்ஷ்டத்துக்கு விலை வைக்கலாம், ஆனால் கணக்கை மறைக்கக் கூடாது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1889 முத்துக்குளிப்பை நேரில் பார்த்து அறிக்கை எழுதினார். அரசு நடத்திய குளிப்பு 1955இல் திரும்பத் தொடங்கி 1961இல் நின்றது. அத்தோடு அந்த ஏலம் முடிந்தது.

கடற்கரை ஊர்களில் கோயில் காரியத்துக்கு வேறொரு ஏற்பாடும் இருந்தது. பிடித்து வரும் மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு. அந்தப் பங்கை வசூலிக்கிற உரிமையைக் கோயில் ஏலம் விடும், எடுத்தவர் குத்தகைக்காரர். இதில் மீனவன் விலை சொல்ல இடமே இல்லை. கடல் காய்ந்து கிடந்தாலும் குத்தகைக்காரர் போட்ட முதலை எடுக்கத்தான் பார்ப்பார். 20ஆம் நூற்றாண்டில் பல ஊர்களில் இதை எதிர்த்து மீனவர்கள் கிளம்பியதில் ஆச்சரியமில்லை. கொடுக்கிறவனைக் கேட்காமல் வைத்த விலை அது.

நாடார் வியாபாரிகளின் மகமை வேறு தினுசு. மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று விற்பனையோடு சேர்த்தே ஒரு சிறு தொகையைப் பொது நிதிக்கு ஒதுக்கிவிடுவார்கள். தொகை சின்னது என்பதால் யார் கையையும் கடிக்காது. எல்லாரும் கொடுப்பதால் பெருகும். விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை 1889இல் வந்தது இந்தப் பணத்தில். காமராஜர் சிறுவயதில் படித்தபோது வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து அந்தப் பள்ளிக்குக் கொடுத்தார்கள் என்று அவர் வரலாற்றில் படிக்கிறோம். சோற்றுக்கு உலை வைக்குமுன் ஒரு பிடியைத் தனிப்பானையில் போடுவது, அவ்வளவுதான். தூத்துக்குடியில் 1921இல் நாடார் வங்கி தொடங்கியதற்கும், அது இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாக நிற்பதற்கும் பின்னால், சிறுகச் சேர்த்துப் பொதுவில் வைக்கிற இந்தப் பழக்கம் இருக்கிறது.

திருச்செந்தூர் வட்டாரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் பிடியரிசி உண்டு. எங்களுக்குத் தெற்கே வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கியபோது, இந்தியர் பணம், இந்தியர் கை, இந்தியர் நிர்வாகம் என்றே ஏற்பாடு செய்தார்கள். வெள்ளைக்காரன் பணம் வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு அடுப்பங்கரையிலிருந்துதான் பணம் வந்தாக வேண்டும்.

கைவேலைக்கு விலை போடுவது பற்றி நான் அதிகம் யோசித்தது லேஸ் என்கிற ரேந்தையை வைத்துத்தான்.

லண்டன் மிஷன் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்திய மார்த்தா, 1820களில் அவர்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சாதாரண வேலை இல்லை. மடியில் கெட்டியாக அடைத்த ஒரு தலையணை. அதன்மேல் கோலம் குத்திய காகிதம். கோலத்தின் புள்ளிகளில் குண்டூசி. நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகள் டஜன் கணக்கில் தொங்கும். இரண்டு கட்டையைக் குறுக்கே மாற்றி, ஒன்றை முறுக்கி, ஊசியைப் பிடுங்கி அடுத்த புள்ளியில் குத்த வேண்டும். காலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம் எழுந்திருக்கும்போது விரல் அகல நாடா கொஞ்சம்தான் வளர்ந்திருக்கும். வெயில் காலத்தில் கை வியர்த்தால் நூல் அழுக்காகும். அழுக்கான ரேந்தையை யார் வாங்குவார்?

அதை வாங்கினவர்கள் துரைசானிகள், இங்கிலாந்துக்கும் போனது. விற்ற பணத்தில் பள்ளிக்கூடம் நடந்தது. அதோடு நிற்கவில்லை. அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. 1855இல்தான் அரசர் பிரகடனத்தால் ஒழிந்தது. அடிமைகளாகப் பிறந்த பிள்ளைகளில் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்து, தங்களுக்கு இருந்த விலையைக் கட்டி விடுதலை வாங்கினார்கள். இதைப் படிக்கிறபோதெல்லாம் என் மனசு நின்றுவிடும். அந்தச் சரக்குக்கு யாராவது "மிஷன் காரியந்தானே, கொறச்சே போடுங்க" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விலை குறைந்த ஒவ்வொரு அணாவும் ஒரு பிள்ளையின் விடுதலையைத் தள்ளிப்போட்டிருக்கும். பள்ளிக்கு ஒரு பங்கு, பின்னியவளுக்கு ஒரு பங்கு என்று பிரித்ததால்தான் இரண்டும் நடந்தது.

மார்த்தாவின் மகள் எலைசா 1822இல் நாகர்கோவிலில் பிறந்தவர். 1844இல் கால்டுவெல்லைக் கல்யாணம் பண்ணி இடையன்குடிக்கு வந்தார். தேரி மண்ணும் பனையும் மட்டும் இருந்த ஊர் அது. கால்டுவெல் இலக்கணம் எழுதினார், திருநெல்வேலிச் சரித்திரம் எழுதினார். அவர் பெயரை எல்லாரும் சொல்கிறோம். எலைசா அதே ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, அம்மாவிடம் கற்ற ரேந்தையைச் சொல்லிக்கொடுத்தார். பனையேறிக் குடும்பத்தில் வருஷத்தில் சில மாதம்தான் பதனீர். மற்ற மாதங்களில் வீட்டுக்குள் காசு வந்தது பெண்களின் விரலிலிருந்து. தெற்கத்தித் தையல் டீச்சர்கள் பலருக்கும் கைவேலை வந்த வழி இதுதான். எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் அந்த வழியில் வந்தவர்களே.

ஏலத்துக்கு வருகிறேன். அறுப்பின் பண்டிகை, ஸ்தோத்திரப் பண்டிகை என்று எங்கள் சுற்றுவட்டாரச் சபைகளில் நடக்கும். ஆத்தூர் என்றால் வெற்றிலை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை. கொடிக்காலில் முதல் எடுப்பில் வந்த கட்டு ஏலத்துக்கு வரும். வாழைத்தார், கருப்பட்டி, சேவல், வீட்டில் சுட்ட கேக் எல்லாம் வரும். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுக்கிற இழுப்பில் கூட்டம் சூடாகும். துபாயிலிருந்து லீவில் வந்தவரும் மும்பையில் கடை வைத்திருப்பவரும் போட்டியில் இறங்கினால், வாழைத்தார் சந்தை விலையைப்போல் பல மடங்குக்குப் போகும். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுத் தாரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதே தார் மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரு முட்டை இப்படிச் சுற்றிச் சுற்றி நிதி சேர்த்ததை எங்கள் பக்கம் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

கோயில்களிலும் இதே கதைதான். விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகே ஒட்டனந்தல் முருகன் கோயிலில், பங்குனி உத்திரத்துக்கு வேலில் குத்திய 9 எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுவார்கள். 2024இல் அவை இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் போயின. ஒரு பழம் மட்டும் 50,500. குழந்தை வேண்டும் என்ற நேர்த்தி அந்த விலையில் இருக்கிறது. அதை எலுமிச்சையின் விலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஏலம் பணம் கொண்டுவரும், சந்தோஷமும் கொண்டுவரும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கைவேலையை ஏலத்தில் வைக்கும்போது ஒரு ஆபத்து உண்டு. ஏலத்தில் ஏறுவது எடுக்கிறவரின் மரியாதை. போட்டி போட ஆள் இல்லாத நேரத்தில் மேசைக்கு வந்த சாமான், நன்றாகச் செய்ததாக இருந்தாலும் அடிமாட்டு விலைக்குப் போகும். கண் வலிக்க ராத்திரி உட்கார்ந்து பின்னியவள் கூட்டத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் பிடிவாதம் பிடித்தேன்: சரக்குச் செலவும் கூலியும் சேர்ந்ததுதான் ஆரம்ப விலை, அதற்குக் கீழே யாரும் கேட்கக் கூடாது, போகாவிட்டால் சாமான் வீட்டுக்குத் திரும்பட்டும்.

இனி சீட்டு. நான் பிள்ளையாக இருந்தபோது பள்ளி ஆண்டு விழாவுக்கும் கோயில் கொடைக்கும் குலுக்கல் சீட்டுப் புத்தகம் எங்கள் கையில் கொடுப்பார்கள். 25 பைசா, 50 பைசா. ஊரெல்லாம் சீட்டாக இருந்த காலம். கேரள அரசு 1967இல் லாட்டரியைத் தொடங்கியது. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. அடுத்த வருஷம் அண்ணா முதல்வராக இருந்தபோது தமிழ்நாடு பரிசுச் சீட்டு வந்தது. அதுவும் ஒரு ரூபாய், பரிசு ஒரு லட்சம். விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற பேச்சு அப்போது பிறந்தது. வாங்குகிறவனின் தோல்வியையும் ஒரு நன்கொடையாக ஆக்கிய பேச்சு அது. ஊர்ச் சீட்டு விற்ற நாங்களும் அதையே வேறு வார்த்தையில் சொன்னோம்.

அந்த ஒரு ரூபாயில் ஒரு யோசனை இருக்கிறது. ஒரே நாணயம், சில்லறை தேட வேண்டாம், வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல வேண்டாம். காலோ அரையோ, ஊர்ச் சீட்டுக்கும் ஒரே நாணயம் என்பதுதான் அளவாக இருந்தது. கொடிக்காலில் கூலிக்கு நிற்கிறவர் இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்ததும் எடுத்துக் கொடுக்கக்கூடிய காசு. அதற்கு மேல் வைத்தால் சீட்டு வசதியுள்ள பத்து வீட்டைச் சுற்றிவிட்டு நின்றுவிடும். ஆயிரம் சீட்டை 50 பைசாவுக்கு விற்றால் 500 ரூபாய். பரிசுச் சாமானை யாராவது நன்கொடையாகக் கொடுத்தால்தான் அந்த 500 முழுதாக நிற்கும். கடையில் வாங்கினால் பாதி போய்விடும். மொத்தம் எத்தனை சீட்டு அச்சடித்தோம் என்பதைச் சீட்டிலேயே போட வேண்டும் என்று எங்கள் பழைய தலைமையாசிரியை ஒருவர் கண்டிப்பாக இருந்தார். முத்துச் சிப்பி ஏலத்துக்கு மாதிரி எடுத்து அறிவித்தவர்களின் நேர்மைதான் அது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதை அன்று யாரும் பேசியதில்லை. அரசு நடத்தாத, அனுமதிக்காத லாட்டரி நடத்துவது குற்றம் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294ஏ பிரிவை 1870இலேயே சேர்த்திருந்தார்கள்; இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 297ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் 1979இல் பரிசுத் திட்டத் தடைச் சட்டமும் வந்தது. அரசுச் சீட்டையே 1975இல் கருணாநிதி நிறுத்தினார், 1984இல் எம்.ஜி.ஆர். திரும்பக் கொண்டுவந்தார், 2003இல் ஜெயலலிதா எல்லா லாட்டரியையும் தடை செய்தார். இடையில் சீட்டால் அழிந்த வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்த்தோம். பெட்டிக்கடை வாசலில் நம்பரைப் பார்த்துப் பார்த்துக் கூலியைத் தொலைத்த அண்ணன்மார்களின் மனைவிகள்தான் பிறகு என்னிடம் தையல் கற்க வந்தார்கள். அதனால் எங்கள் விற்பனையில் குலுக்கல் சீட்டு இப்போது கிடையாது. நல்ல காரியத்துக்குத்தானே என்று யாராவது கேட்டால், நல்ல காரியத்துக்கு நேரான வழி இருக்கிறதே என்று சொல்லிவிடுகிறேன்.

மிச்சம் இருப்பது நிலையான விலைக்கு விற்கும் மேசை. அதற்கு என் கணக்கு இதுதான். மூடி போட்ட நடுத்தர ஓலைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். குருத்தோலையும் சாயமும் 40 ரூபாய். ஓலையைக் கிழித்து, ஈர்க்கு நீக்கி, சாயத்தில் வேகவைத்து, நிழலில் உலர்த்தியதெல்லாம் மொத்தமாகச் செய்கிற வேலை. அதைப் பங்கு போட்டுப் பின்னல் நேரத்தோடு சேர்த்தால் பெட்டிக்கு அரைநாள் ஆகும். நாள்கூலிக்கு ஒரு பொதுவான அளவு வேண்டும் என்று நூறு நாள் வேலைக் கூலியை வைத்துக்கொண்டேன். 2024-25இல் தமிழ்நாட்டில் அது 319 ரூபாய். அரைநாளுக்கு 160. ஆக 200. அதற்குமேல் வைக்கிற 100 தான் எடுத்த ஊர்க்காரியத்துக்கு. விலைச்சீட்டு: 300.

"என்ன டீச்சர், பெட்டி முந்நூறா? பிளாஸ்டிக்கு அறுவதுக்குக் கெடைக்கே" என்பார்கள். கிடைக்கும்தான். நான் பெட்டியின் மூடியைத் திறந்து உள்பக்க மடிப்பைக் காட்டுவேன். நல்ல கை பின்னிய பெட்டியில் ஓலை முடிகிற இடம் கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினாலும் குத்தாது. அதைக் காட்டினால் பாதிப்பேர் வாங்கிவிடுவார்கள்.

எனக்குச் சிரமம் வாங்குகிறவர்களிடம் இல்லை, செய்கிறவர்களிடம். 160 ரூபாய்க் கூலியைக் கையில் கொடுத்தால் எங்கள் தெருச் சித்தி வாங்க மறுக்கிறாள். "தர்மத்துக்குப் பின்னுனதுக்கு நான் கூலி வாங்கவா? சாமி கண்ணக் குத்தும்." அவளை மாதிரி இன்னும் நாலு பேர். விட்டுவிட்டால் அடுத்த வருஷம் எல்லாரும் கூலி இல்லாமல் செய்ய வேண்டும் என்று ஆகிவிடும். கூலி தேவைப்படுகிறவள் கேட்கக் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவாள். அதனால் கூலியை முதலில் அவள் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறோம். பிறகு அவளாகப் பார்த்து அதை நிதிக்குத் திருப்பிக் கொடுத்தால், அவள் பெயரிலேயே நன்கொடை ரசீது எழுதுகிறோம். சித்திக்கு எப்போதும் இரண்டு ரசீது.